சொந்த மொழியில் ஒரு கண்ணாடி உருண்டை

(முன்னாள் மாணவன், பி.எஸ்ஸி. கணிதம், 1987–90)

மலர்க் குழுவினர் என்னிடம் "பழைய ஞாபகம் ஏதாவது எழுதுங்க சார்" என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றியும் கடைசி பெஞ்சைப் பற்றியும் என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிட்டு, போன சந்திப்பில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாக இந்த வரலாற்றை எழுதுகிறேன்.

கேட்டவர்கள் கம்ப்யூட்டர் சயன்ஸ் இறுதியாண்டு மாணவர்கள் இருவர். தாங்களாகவே ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி செய்திருந்தார்கள். அசெம்ப்ளி மொழிக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ரே டிரேசர் எழுதப் போகிறோம் என்றார்கள். என் செட் நண்பர் ஒருவர், பெங்களூரில் பெரிய பொறுப்பில் இருப்பவர், சிரித்துவிட்டார். "தம்பி, இதெல்லாம் இன்னிக்கு ரெடியா கிடைக்குது. எடுத்து வச்சுக்கிட்டு மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பாக்காம, சொந்த மொழி எதுக்கு? இன்டர்வியூல கேட்பாங்களா?" அவர் சொன்னதில் அக்கறை இருந்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை பெங்களூர் பஸ் ஏறிப்போய் இன்டர்வியூ வரிசையில் நிற்பது என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைகள் முகம் சுருங்கிப்போனது. "நாங்க செய்றது வீண் வேலையா சார்?" என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்கள். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கதிரைத் துரத்திப் படம் வரைவதும், தன் தேவைக்குத் தானே ஒரு கீழ்மட்ட மொழி செய்துகொள்வதும் சரித்திரத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளைகள். அந்தக் கதை நம் நாட்டுக்குள்ளும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. தமிழும் வணிகவியலும் படித்த நண்பர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றுமே இல்லை.

விளக்கிலிருந்து ஒளி கிளம்புகிறது, பொருளின் மேல் படுகிறது, சிதறுகிறது, அதில் எங்கோ ஒரு துளி நம் கண்ணுக்குள் விழுகிறது. இதை அப்படியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டால் கோடிக்கணக்கான கதிர்களில் பெரும்பாலானவை கண்ணுக்கு வராமலே எங்கோ போய்விடும். அத்தனையும் தண்டம். எனவே கதையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்படட்டும். எதிரே ஒரு ஜன்னல், அதாவது கம்ப்யூட்டர் திரை. ஜன்னலின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்பி, அது எதில் முட்டுகிறது என்று பார். முட்டிய பொருளின் நிறத்தை அந்தப் புள்ளியில் வை. அவ்வளவுதான் ரே டிரேசிங். ஒளி போன பாதையிலேயே திரும்பியும் வர முடியும் என்பதால் இந்தத் தலைகீழ்க் கணக்கு செல்லுபடியாகிறது.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ல் வெளியிட்ட அளவியல் நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. சுவரில் ஒரு வளையம், அதிலிருந்து ஒரு நூல், நூலின் மறுமுனை மேஜைமேல் கிடக்கும் வீணை போன்ற ஒரு வாத்தியத்தில். நடுவே ஒரு மரச் சட்டம். ஒருவர் நூல் முனையை வாத்தியத்தின் மேல் இடம் இடமாக வைத்துக் காட்ட, இன்னொருவர் நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தைக் குறித்துக்கொள்கிறார். வளையம்தான் கண், நூல்தான் கதிர், சட்டம்தான் திரை. கம்ப்யூட்டர் ஒன்றுதான் பாக்கி. அதற்கு நானூறு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி கணக்கு. கண்ணுக்கு நேர் எதிரே 5 அடி தூரத்தில் ஒரு கோளத்தின் மையம், கோளத்தின் ஆரம் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். நேராக ஒரு கதிரை விடுகிறோம். அது கோளத்தில் முட்டும் தூரத்தை 'தூ' என்று எழுதினால், கிடைப்பது தூ² − 10 தூ + 16 = 0. நம்ம இருபடிச் சமன்பாடுதான். விடை 2, 8. இரண்டாவது அடியில் கோளத்துக்குள் நுழைகிறது, எட்டாவது அடியில் வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரிவது முன்பக்கம், ஆகவே 2. இப்போது கதிரைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் 0.8, பக்கவாட்டில் 0.6 போகும்படி விட்டால் சமன்பாடு தூ² − 8 தூ + 16 = 0 ஆகிவிடும். இரண்டு விடையும் 4. கதிர் உருண்டையைத் தொட்டுக்கொண்டு மட்டும் போகிறது. பிதாகரஸின் 3, 4, 5 முக்கோணம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருப்பதைக் கணக்கு மாணவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் தன்மைக்காட்டி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். "மெய்யான விடை இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனோமே, அந்த இடத்தில்தான் படத்தில் வானம் தெரிகிறது.

இதை முதலில் கம்ப்யூட்டரில் செய்தவராகச் சொல்லப்படுபவர் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஆர்தர் அப்பெல். 1968-ல் வந்த கட்டுரை. கதிர் முட்டிய இடத்திலிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிரை விட்டார். நடுவில் ஏதாவது தடுத்தால் அந்த இடம் நிழல். அன்று இன்றைய மாதிரித் திரை கிடையாது. பேனா பிடித்து வரையும் பிளாட்டரில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகளை நெருக்கியும் விலக்கியும் போட்டு இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டினார். நியூயார்க் பக்கத்தில் மாகி என்ற நிறுவனமும் இதே வழிக்கு வந்து சேர்ந்தது, ஆனால் வேறு திசையிலிருந்து. அவர்கள் அணுக் கதிர்வீச்சு சுவர்களை எப்படி ஊடுருவும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள். கதிர்வீச்சைத் துரத்துகிற புரோகிராமே ஒளியையும் துரத்தும் என்று கண்டுகொண்டார்கள். 1982-ல் வந்த 'டிரான்' சினிமாவில் அவர்கள் கைவரிசையும் உண்டு.

ஆனால் இந்தக் கலையின் முகத்தை மாற்றியவர் டர்னர் விட்டட். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. 1979 சிக்ராஃப் மாநாட்டில் அவர் காட்டிய படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளுமாகச் சதுரங்கத் தரை, அதன் மேல் அந்தரத்தில் ஒரு கண்ணாடி உருண்டை, அதற்குப் பின்னால் பளபளவென்று இன்னொரு உருண்டை. 1980 ஜூனில் கட்டுரையாக வெளிவந்தது. அவர் சேர்த்தது ஒரே ஒரு யோசனை. கதிர் பளபளப்பான பொருளில் முட்டினால் அங்கேயே நிற்காதே. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக இருக்கும்படி ஒரு புதுக் கதிரை அனுப்பு. பொருள் கண்ணாடியாக இருந்தால், ஒகேனக்கல்லில் பரிசல்காரர் தண்ணீருக்குள் விடுகிற துடுப்பு ஒடிந்தாற்போல் தெரியுமே, அந்த ஒளிவிலகல் விதிப்படி உள்ளேயும் ஒரு கதிரை அனுப்பு. புதுக் கதிர் எதில் முட்டுகிறது? மறுபடியும் அதே கேள்வி, அதே புரோகிராம். முன்னும் பின்னும் கண்ணாடி மாட்டிய சலூனில் உட்கார்ந்தால் நம் தலைக்குள் தலை, அதற்குள் தலை என்று போய்க்கொண்டே இருக்குமே, அதுதான். இத்தனை முறைக்கு மேல் போகாதே என்று ஒரு வரம்பு மட்டும் கட்ட வேண்டும்.

640-க்கு 480 புள்ளி கொண்ட அந்தப் படத்துக்கு வாக்ஸ் 11/780 என்ற இயந்திரம் எடுத்துக்கொண்ட நேரம் 74 நிமிஷம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தம் 3,07,200 புள்ளி, விநாடிக்கு எழுபது புள்ளி கூட இல்லை. சாதாரணக் காட்சிகளிலேயே நேரத்தில் முக்கால் பங்கு 'எதில் முட்டுகிறது' என்ற கேள்விக்கே போய்விடுகிறது, சிக்கலான காட்சிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் என்று அவரே எழுதியிருக்கிறார்.

அவர் எந்த மொழியில் எழுதினார்? இங்கேதான் நம் மாணவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சி மொழியில், யூனிக்ஸ் மேல். இன்று சி என்றால் செமஸ்டர் பேப்பர், உலகப் பொதுச் சொத்து. 1979-ல் அது அப்படியில்லை. பெல் கூடத்தில் கென் தாம்ஸன் தன் சௌகரியத்துக்காக 'பி' என்று ஒரு குட்டி மொழி செய்துகொண்டார். டென்னிஸ் ரிட்சி அதைத் திருத்தி, வளர்த்து, 1970-களின் தொடக்கத்தில் சி ஆக்கினார். இயந்திரத்தின் நினைவகத்தை நேராகத் தொடக்கூடிய, அசெம்ப்ளிக்கு ஒட்டிய மொழி. யாரும் ஆர்டர் கொடுத்துச் செய்ததல்ல, தங்கள் யூனிக்ஸை எழுத ஒரு கருவி வேண்டும் என்று செய்துகொண்டது. அதற்கென்று புத்தகம் வந்ததே 1978-ல்தான். ஆக, உலகத்தை வாய்பிளக்க வைத்த கண்ணாடி உருண்டை, அதே கம்பெனிக்குள் வீட்டுச் சமையலாகச் செய்த ஒரு கீழ்மட்ட மொழியில் எழுதப்பட்டது!

தற்செயல்தானே என்று கேட்கலாம். கொஞ்சம் தற்செயல், கொஞ்சம் காரணம். அன்று விஞ்ஞானிகளின் மொழி ஃபோர்ட்ரான். ஃபோர்ட்ரானின் 1966, 1977 தர விதிகளில், ஒரு புரோகிராம் தன்னையே கூப்பிட்டுக்கொள்ள அனுமதி கிடையாது. 1990 விதிகளில்தான் அது வந்தது. சி-யில் முதலிலிருந்தே அது சர்வசாதாரணம். கதிருக்குள் கதிர், அதற்குள் கதிர் என்ற யோசனையை ஃபோர்ட்ரானிலும் சுற்றி வளைத்து எழுதலாம். ஆனால் அப்படி யோசிக்கவே கை வராது என்பது என் அபிப்பிராயம். கையில் இருக்கிற கருவி எதை லேசாகச் செய்ய விடுகிறதோ அதைத்தான் மனசும் யோசிக்கும்.

சொந்தமாக மொழி செய்வது என்றால் பெரிய வித்தை என்று நினைக்க வேண்டாம். 1949-ல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கம்ப்யூட்டருக்கு டேவிட் வீலர் எழுதிய முதல் 'தொடக்க ஆணைகள்' மொத்தமே 31. ஆங்கில எழுத்துகளாக நாடாவில் துளையிட்டுக் கொடுத்தால், அதை இயந்திர எண்களாக மாற்றி நினைவகத்தில் அடுக்கிவிடும். அதுவும் ஒரு மொழிதான். சார்லஸ் மூர் என்பவர் 1960-களின் கடைசியில் தனியாளாகச் செய்த ஃபோர்த் இன்னும் சுவாரஸ்யம். நான்காம் தலைமுறை மொழி என்ற அர்த்தத்தில் பெயர் வைக்கப் பார்த்தார், அவருடைய ஐ.பி.எம். 1130 ஐந்து எழுத்துக்கு மேல் பெயர் வைக்க விடவில்லை. ஆறெழுத்தில் ஒன்றைக் கழித்துவிட்டார். 1971-ல் அமெரிக்காவில் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியை அந்த மொழி நடத்தியது.

ஃபோர்த்தில் "2 + 3" என்று எழுத முடியாது. "2 3 +" என்றுதான் எழுத வேண்டும். இங்கிலீஷ்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரிகிறதாம். நமக்கென்ன! "இரண்டையும் மூன்றையும் கூட்டு" என்றுதானே நாம் பேசுகிறோம்? வினைச்சொல் கடைசியில் வருகிற பாஷைக்காரனுக்கு ஃபோர்த் தாய்மொழி மாதிரி. இதைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதி மாளாது.

அந்தச் சந்தோஷத்தில்தான் நானும் 1993-ல் இதில் இறங்கினேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அன்றைக்கு ஓசூர் நம் தர்மபுரி மாவட்டம். 2004-ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு பிரிந்தது. ஷிஃப்ட் முடிந்த பிறகு ஆபீஸில் ஒரு 386 கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். தசமக் கணக்குப் போடுகிற துணைச் சில்லு அதில் கிடையாது. முழு எண் மட்டும்தான் தெரியும். மேலதிகாரி, "கரண்ட் பில் உன் சம்பளத்துல புடிச்சுக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்.

ரே டிரேசருக்கு ஒரு மொழியிடம் உண்மையில் என்ன தேவை என்று அப்போதுதான் கையால் தெரிந்துகொண்டேன். முதல் தேவை பின்னம். அதற்கு எல்லா எண்ணையும் 65,536-ஆல் பெருக்கி வைத்துக்கொண்டால் போதும், பைசாவில் கணக்கெழுதிவிட்டு கடைசியில் ரூபாயாக்குகிற மாதிரி. இரண்டு எண்ணைப் பெருக்கியதும் ஒரு தடவை 65,536-ஆல் வகுக்க வேண்டும். அப்படி வகுப்பதற்கு முன் பெருக்குத்தொகை 32 பிட்டைத் தாண்டி வழியும். 386 அதை 64 பிட்டாக வைத்துக்கொடுக்கும், பாதகமில்லை. அடுத்தது வர்க்கமூலம். பழைய கிரேக்க முறையே போதும். 36-க்கு மூலம் வேண்டுமா, குத்துமதிப்பாக 10 என்று எடு. 36-ஐ 10-ஆல் வகுத்தால் 3.6. இரண்டுக்கும் சராசரி 6.8. மறுபடி வகுத்துச் சராசரி எடுத்தால் 6.047, மறுபடி 6.0002. மூன்றே சுற்றில் முடிந்தது. மூன்றாவது, ஸ்டாக். மெஸ்ஸில் கழுவிய தட்டை அடுக்கி வைப்பார்களே, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கிற அடுக்கு. ஒரு கதிர் தன் வேலையைப் பாதியில் நிறுத்தி இன்னொரு கதிரை அனுப்பும்போது, தன்னுடைய எண்களை அந்த அடுக்கில் வைத்துவிட்டுப் போகும். திரும்பி வந்ததும் அப்படியே எடுத்துக்கொள்ளும். விட்டட்டுக்கு சி மொழி ஓசையில்லாமல் செய்து கொடுத்த காரியம் இது. சொந்த மொழியில் நாம்தான் செய்ய வேண்டும், செய்தால்தான் ரிகர்ஷன் என்பது மந்திரமல்ல என்று உறைக்கும்.

என் மொழியில் மொத்தம் நாற்பத்துச் சொச்சம் சொற்கள். "கூட்டு", "பெருக்கு", "மூலம்", "முட்டுமா" என்று தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டேன். வி.ஜி.ஏ. திரையில் 320-க்கு 200 புள்ளி, சாம்பலில் 64 சாயை. உருண்டையின் மேல்பரப்பு விளக்கைப் பார்த்த பக்கம் வெளுப்பாகவும் திரும்பிப் போகப் போக இருட்டாகவும் வரும்; இரண்டு திசைகளுக்கு இடைப்பட்ட கோணத்தின் கோசைன் அதைக் கொடுக்கும். ஒரு தரை, ஒரு உருண்டை, ஒரு விளக்கு. படம் மேலிருந்து வரி வரியாக இறங்க ஏழெட்டு நிமிஷம் ஆகும். வாட்ச்மேன் அண்ணன் பீடியைக் கையில் மறைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். "கேமராவே இல்லாம போட்டோவா?" என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ரே டிரேசர் எழுதுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் உருண்டை முகம் முழுக்க அம்மை போட்டது போல் கரும்புள்ளி வரும். பயப்பட வேண்டியதில்லை. முட்டிய இடம் கணக்கில் ஒரு நூலிழை உள்ளே தள்ளி விழுந்திருக்கும். அங்கிருந்து விளக்குக்கு விடும் கதிரை உருண்டையே மறைத்துக்கொள்ளும். ஒரு மயிரிழை வெளியே நகர்த்தி வைத்துப் பிறகு கதிரை விட்டால் அம்மை இறங்கிவிடும்.

இனி நம் நாட்டுக் கதை. இதைப் பாடப்புத்தகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு நெடுநாள் குறை.

பம்பாயில் ஹோமி பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் நடுவில் ஒரு சிறு குழு, வெளிநாட்டில் வாங்காமல் தாங்களே ஒரு கம்ப்யூட்டர் கட்டுவது என்று உட்கார்ந்தது. தலைமை ஆர். நரசிம்மன். சென்னையில் 1926-ல் பிறந்தவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், பிறகு அமெரிக்காவில் கால்டெக், இண்டியானா என்று போய்க் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1954-ல் அங்கே சேர்ந்தார். குழுவில் மற்றவர்கள் பெரும்பாலும் இயற்பியல் பட்டதாரிப் பையன்கள். பிரின்ஸ்டனில் வான் நியூமன் குழுவினர் போட்ட வழியைப் பின்பற்றி, முதலில் ஒரு சோதனை இயந்திரத்தை 1956-ல் ஓட்டிக் காட்டினார்கள். முழு இயந்திரம் 1960 பிப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மேனியம் டையோடுகள், 12,500 மின்தடைகள். நினைவகம் 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 10 கிலோபைட். உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் நூற்றில் ஒரு பங்கு தேறாது.

அதற்கு மொழி? பூஜ்யமும் ஒன்றும்தான். இயந்திர ஆணைகளை நேராக எழுதி, காகித நாடாவில் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். என் கவனத்தை இழுத்த விஷயம் வேறு. அந்த இயந்திரத்தோடு ஒரு கேதோடு கதிர்க் குழாய்த் திரையையும் இணைத்திருந்தார்கள். எண்களையும் எழுத்துகளையும் வரைபடங்களையும் அதில் காட்ட முடிந்தது. 1960-ல், இந்தியாவில், நம்ம ஆட்கள் தங்கள் கையால் கட்டிய இயந்திரத்தில் படம் காட்டும் திரை! ஒரு கோளம், ஒரு தரை, ஒரு விளக்குக்கு வேண்டிய ஆணைகள் 2,048 சொல்லுக்குள் தாராளமாக அடங்கும் என்பது என் கணிப்பு. யாரும் செய்யவில்லை. செய்யவும் காரணமில்லை, அப்பெல்லின் கட்டுரையே எட்டு வருஷம் கழித்துத்தான் வந்தது.

ஆனால் நரசிம்மன் படங்களின் பக்கம் போனார் என்பது நிஜம். 1961 முதல் 1964 வரை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், இல்லியாக் 3 என்ற இயந்திரத் திட்டத்தில் வேலை செய்தார். குமிழி அறை என்று ஒன்று உண்டு. அணுத்துகள்கள் பாய்ந்தோடிய தடங்களைப் படம் பிடிப்பது. அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரே பார்த்து, இது கோடு, இது கிளை, இது முனை என்று புரிந்துகொள்ள வேண்டும். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்று அவர் காட்டிய வழி அந்தத் துறையில் முன்னோடியானது. ரே டிரேசர் பொருளிலிருந்து படத்துக்குப் போகிறது. அவர் அதே ரோட்டில் எதிர்ப்புறமாக, படத்திலிருந்து பொருளுக்குப் போனார்.

டிஃப்ராக் முடிந்த வேளையில் உலகம் டிரான்ஸிஸ்டருக்கு மாறிவிட்டிருந்தது. 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்க சி.டி.சி. 3600 வந்து இறங்கியது. அதற்கு முந்தைய வருஷம் ஐ.ஐ.டி. கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 வந்திருந்தது, கூடவே ஃபோர்ட்ரானும் வந்தது. அதனால் ஆயிரக்கணக்கானவர்கள் புரோகிராம் எழுதக் கற்றார்கள், பிற்காலத்து சாஃப்ட்வேர் தொழிலுக்கு அஸ்திவாரம் அதுதான், மறுப்பதற்கில்லை. இந்தப் பக்கம் ஹைதராபாத்தில் ஈ.சி.ஐ.எல். 1969-லிருந்து டி.டி.சி. வரிசைக் கம்ப்யூட்டர்களைச் செய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இருந்தாலும் வால்விலிருந்து திரை வரை ஒரே குழு தெரிந்து வைத்திருந்த அந்த நிலைமை போய்விட்டது. மேலே எழுதுகிறவன் வேறு, கீழே கட்டுகிறவன் வேறு, கீழே கட்டுகிறவன் பெரும்பாலும் வேறு தேசத்தான் என்றாயிற்று. பெல் கூடத்தில் மொழி செய்தவரும் படம் வரைந்தவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தார்கள் என்ற சின்ன விஷயம் நமக்கு வாய்க்காமல் போனதன் நஷ்டத்தை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. நரசிம்மன் பின்னாளில் சி.எம்.சி. நிறுவனத்தின் முதல் தலைவரானார், பத்மஸ்ரீ பெற்றார், 2007-ல் மறைந்தார்.

அறுபது வருஷம் கழித்து நிலைமை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்ற பெயரில் பிராசஸர் வடிவமைத்து, 2018-ல் சில்லாகவே எடுத்து ஓட்டிக் காட்டினார்கள். அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்ற ஆணைத் தொகுதி யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தக்கூடியது. அதன் அடிப்படை முழு எண் ஆணைகள் ஐம்பதுக்கும் குறைவு. ஒரு மாணவன் ஒரு நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கத்தில் அத்தனையையும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் சொந்த மொழி கட்டுவது இன்று தர்மபுரியில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

என் பெங்களூர் நண்பர் சொன்னதும் பொய்யில்லை. 2018-லிருந்து கடையில் விற்கும் கிராஃபிக்ஸ் அட்டையிலேயே கதிர் முட்டும் கணக்குக்கென்று தனிச் சுற்று வந்துவிட்டது. விட்டட்டின் இயந்திரம் விநாடிக்கு எழுபது புள்ளிக்குத் திணறிய இடத்தில் பல நூறு கோடிக் கதிர்கள் பறக்கின்றன. அந்த அட்டைக்குள் நடப்பதும் அதே இருபடிச் சமன்பாட்டின் உறவுக் கணக்குதான். அதை வாங்குகிறவர் லட்சம் பேர். செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர், அதில் நம்மவர் எத்தனை பேர் என்று நண்பர் யோசித்துப் பார்க்கட்டும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1987-ல் பால் ஹெக்பர்ட் என்பவர், விசிட்டிங் கார்டில் அடங்குகிற அளவுக்குச் சின்ன ரே டிரேசர் எழுத ஒரு போட்டி வைத்தார். அடங்கியது. இரண்டாயிரம் பக்கப் புரோகிராம் வேண்டும் என்று எண்ணிப் பின்வாங்குகிற தம்பி தங்கைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு உபாயம். சொந்த மொழியில் திரையில் படம் வரைவதுதான் பெரிய இடைஞ்சல். அதைச் செய்யவே வேண்டாம். பி.பி.எம். என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது, வெறும் எண்களை அச்சடித்தாலே படமாகிவிடும். முதலில் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் ஒட்டினாற்போல் 3-ம், அடுத்து அகலமும் உயரமும், அடுத்து 255, அதன் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். முதல் படத்துக்கு 64-க்கு 48 போதும். 3,072 புள்ளி, 9,216 எண். மேலே சொன்ன உருண்டையையே வையுங்கள், மையம் 5 அடியில், ஆரம் 3. ஜன்னல் கண்ணுக்கு 2 அடி முன்னால், 4 அடி அகலம், 3 அடி உயரம். உருண்டையின் விளிம்பு மேலேயும் கீழேயும் ஜன்னலைச் சரியாகத் தொட வேண்டும். இடது வலது ஓரங்களில் எட்டெட்டு புள்ளி வானம் தெரிய வேண்டும். அப்படி வரவில்லையென்றால் கணக்கில் தேட வேண்டாம், உங்கள் மொழியின் வர்க்கமூலத்தில் தேடுங்கள்.